பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் அணைந்த விளக்கு: அந்தக் காரை வாங்கலாமா?

கேள்வி: பழைய கார் விற்கும் ஒரு நிறுவனத்தில் 2017ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்தேன். முதல் நாள் ஓட்டியபோது மீட்டரில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தது. மறுநாள் அது எரியவில்லை. “சென்சாரில் சின்னக் கோளாறு, பேட்டரியைக் கழற்றி மாட்டினோம், கம்ப்யூட்டர் ரீசெட் ஆகிவிட்டது” என்கிறார்கள். முன்பணம் கொடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். விளக்கு அணைந்திருப்பதால் கோளாறு நீங்கிவிட்டது என்று கொள்ள முடியாது. கோளாறு பற்றிய பதிவுதான் நீங்கியிருக்கிறது.

என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி ஒரு கோளாறைக் கண்டால் அதற்குரிய குறியீட்டைச் சேமித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் என்ஜின் எந்தச் சுழற்சி வேகத்தில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, கார் என்ன வேகத்தில் போனது என்ற விவரங்களையும் அதனுடன் பதிந்து வைக்கிறது. பல கார்களில் பேட்டரி இணைப்பை விலக்கினால் இவை அழிந்துவிடும். சில புதிய கார்களில் பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது, கணினியின் பதிவைப் படிக்கும் ஸ்கேனர் கருவியால்தான் அழிக்க முடியும். எந்த வழியில் அழித்தாலும் பழுதான பாகம் பழுதாகவே இருக்கும். பெரும்பாலான கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை தென்பட்ட பிறகே கணினி விளக்கை ஏற்றும். ஆகவே, அழித்த மறுநாள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு விளக்கு எரியாமல் இருப்பதில் வியப்பில்லை. விற்பவருக்கு அந்த இடைவெளியே போதுமானது.

ஆனால் அழித்ததற்கான தடயத்தை அவ்வளவு எளிதில் மறைக்க முடியாது என்பது வாங்குபவருக்குச் சாதகமான செய்தி. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் கார் தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓ.பி.டி. இரண்டாம் கட்ட ஏற்பாடு இருப்பதால், கணினியானது, புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றைத் தானே சோதித்து, ஒவ்வொரு சோதனையும் முடிந்ததா இல்லையா என்று குறித்துக்கொள்கிறது. பதிவை அழித்தால் இந்தக் குறிப்புகளும் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். என்ஜின் ஆறியிருக்கும்போது கிளப்பி, நகருக்குள்ளும் சீரான வேகத்தில் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட்டினால்தான் எல்லாச் சோதனைகளும் முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை இணைப்பில் ஸ்கேனரைப் பொருத்தினால் இதைப் பார்த்துவிடலாம். பல கார்களில் ‘பதிவு அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்’ என்ற அளவும் தெரியும். மீட்டர் அறுபதாயிரம் கிலோமீட்டர் காட்டும் காரில் அந்தத் தூரம் வெறும் நான்கு கிலோமீட்டர் என்றால், விற்பவரிடம் அதற்கு விளக்கம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எனவே உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை ஸ்கேனருடன் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியுடன் இணையும் மலிவான புளூடூத் கருவியே இந்த அளவு சோதனைக்குப் போதும். சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், அவை முடியும்வரை காரை ஓட்டி வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு வந்து மீண்டும் பார்ப்பதாகக் கூறுங்கள். மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது, ஏனெனில் வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்ததைச் சொல்லும் பி 0420 போன்ற ஒரு குறியீடு மறைந்திருந்து, அந்த மாற்றியையே மாற்ற நேர்ந்தால் பல ஆயிரம் ரூபாய் செலவாகும்; அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. புகைச் சான்றிதழ் செல்லுபடியாவதைக் காட்டிச் சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். அது சோதித்த நேரத்தில் புகைக்குழாயில் வந்த வாயுவின் அளவை மட்டுமே சொல்லும். இன்னொன்றையும் கவனியுங்கள்: என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், கிளப்பியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கலாம்.

வாங்குவதென்று முடிவு செய்தால், விளக்கு எரிந்ததையும் அதற்காக என்ன செய்தார்கள் என்பதையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கோளாறை மறைத்து விற்றது பின்னர் தெரிந்தால், வணிகமாகப் பழைய கார் விற்கும் நிறுவனத்தின் மீது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வது நல்லது. தன் சொந்தக் காரை விற்கும் தனிநபர் வணிகர் அல்லர் என்பதால், அவரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது. அங்கே முன்கூட்டிய சோதனை இன்னும் முக்கியமாகிறது.

கேள்வி: என் காரில் அதே விளக்கு எரிந்தது. பட்டறையில் அரை மணி நேரம் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘இ.சி.எம். ரீசெட்’ (என்ஜின் கணினியை ரீசெட் செய்தது) என்று பில்லில் தனியாகத் தொகை போட்டார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது, இப்போது விளக்கு மறுபடி எரிகிறது. இந்த முறை சரியானதா? (வாசகர், சேலம்)

பதில்: குறியீட்டைப் படிக்காமல் செய்திருந்தால் சரியல்ல. என்ஜினுக்குள் எங்காவது காற்றுக் கசிந்தால், ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கொண்டு கணினி பெட்ரோலைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஈடுகட்டும். அந்தத் திருத்தம் எல்லை மீறும்போதுதான் விளக்கு எரியும். பேட்டரியைக் கழற்றினால் கணினி கற்றுக்கொண்ட திருத்தமும் அழிந்து, எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. கசிவு அப்படியே இருப்பதால் சில நாளில் பழைய நிலை திரும்புகிறது. உங்களுக்கு நேர்ந்தது அநேகமாக இத்தகையதே. சென்சாரை மாற்றிய பிறகோ, என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகோ பழைய திருத்தங்களை அழிப்பது முறையான வேலைதான். பழுதைத் தேடாமல் அழிப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பதை நான் ஏற்கமாட்டேன்.

இனி எந்தப் பட்டறைக்குப் போனாலும் குறியீட்டைப் படித்து, அதன் எண்ணை ஜாப் கார்டில் எழுதிய பிறகே எதையும் அழிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கார் வாரண்டியில் இருந்தால் இது கட்டாயம் தேவை. வெளியே அழித்துவிட்டுப் போனால், கோளாறு எப்போது தொடங்கியது என்று காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்காது. விளக்கு தொடர்ந்து எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். அந்நிலையில் ஓட்டினால் வினையூக்கி மாற்றி கெடும் என்பதால் காரை உடனே ஓரமாக நிறுத்துங்கள்.

கேள்வி: பேட்டரியை நானே மாற்ற நினைக்கிறேன். கணினிக்குப் பாதிப்பு வருமா? (வாசகி, மதுரை)

பதில்: முறையாகச் செய்தால் வராது. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். காரின் உடல் முழுவதும் நெகட்டிவ்வுடன் இணைந்திருப்பதால், பாசிட்டிவ்வை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் பெரிய மின்பொறி எழும். என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றவே கூடாது. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்னழுத்த உயர்வு கணினியைக் கெடுத்துவிடக்கூடும். மாற்றிய பின் கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும், சில கார்களில் ஆடியோ கருவி ரகசிய எண் கேட்கும், தானாக ஏறும் கண்ணாடிகளை மறுபடி பழக்க வேண்டியிருக்கும், ஓரிரு நாள் ஐட்லிங் (கார் நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) சற்று ஏறி இறங்கலாம். ஹைபிரிட் கார் என்றாலும், நிறுத்தத்தில் தானாக என்ஜின் அணையும் வசதி உள்ள கார் என்றாலும், கையேட்டைப் படிக்காமல் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றுக்குப் புதிய பேட்டரியை ஸ்கேனர் மூலம் கணினியில் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையும் விலையில் சேர்ந்ததா என்று பேட்டரிக் கடையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.