வாக்கர் எங்கே நடந்தார்?

கேள்வி: ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையல்காரர். சரி, வாக்கர்? நடப்பதுகூட ஒரு தொழிலா?
– ஒரு வாசகர், பவானி

பதில்: தொழில்தான், கால் கடுக்கச் செய்த தொழில். நெசவு ஊர்க்காரரான உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, ஒருவகைக் களிமண்ணையும் புளித்த சிறுநீரையும் சேர்த்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். பிசுக்கு போய், இழைகள் இறுகி, துணி கெட்டிப்படும். அப்படி மிதித்தவர்தான் வட இங்கிலாந்தில் வாக்கர். அதே ஆள் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். எக்ஸெட்டர் நகரில் நெசவாளர்களும் துணி மிதிப்பவர்களும் 1471-இல் கட்டிய சங்கக் கட்டடம் டக்கர்ஸ் ஹால் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது.

12-ஆம் நூற்றாண்டிலேயே நீர்ச்சக்கரம் வந்து இந்த மிதி வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் பேரப்பிள்ளைகளோடு தங்கிவிட்டது. அந்த நாற்றத்தில் நின்று மிதித்தவர்களுக்கு வேறு யார் நினைவுச்சின்னம் வைத்தார்கள்? அதனாலேயே எனக்கு இந்தப் பெயர்மேல் தனிப் பிரியம்.

எங்கள் வீட்டில் அக்கா முகத்துக்குப் பூச முல்தானி மிட்டி வாங்குவார். பாக்கெட்டில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்றும் போட்டிருக்கும். ஃபுல்லர் என்று யாரோ ஒருவர் கண்டுபிடித்த மண் இல்லை அது. ஃபுல்லர்கள் எல்லோரும் தொட்டியில் கொட்டிய மண்.

கேள்வி: எல்லாமே தொழில் பெயர்தானா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: இல்லை. சில வருடங்களுக்கு முந்தைய இங்கிலாந்து டெஸ்ட் அணியை நினைத்துப் பாருங்கள். குக் சமையல்காரர். ஆண்டர்சன், ஆண்ட்ரூவின் மகன். ஸ்டோக்ஸ் ஊர்ப் பெயர். பிராட், அகன்ற உடம்புக்காரருக்கு வைத்த பட்டப்பெயர். நாலு வழியும் ஒரே அணியில்! 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகுதான் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் அங்கே மெல்ல வேர் பிடித்தது. சாதாரண ஜனங்கள்வரை வந்து சேர முந்நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

நீங்கள் வாசகி என்பதால் இன்னொன்றும் சொல்ல ஆசை. வெப்ஸ்டர், பாக்ஸ்டர், புரூஸ்டர் என்று முடியும் பெயர்களைக் கவனியுங்கள். அந்த 'ஸ்டர்' பழைய ஆங்கிலத்தில் பெண்பால் விகுதி. நெய்தவள், ரொட்டி சுட்டவள், பீர் காய்ச்சியவள். அப்புறம் வடக்கே ஆண்களுக்கும் அதே சொல் வழங்கி, அர்த்தம் மறைந்துவிட்டது. 'ஸ்பின்ஸ்டர்' என்ற சொல்லும் இந்த வரிசைதான். மணமாகாதவள் என்று அகராதி சொல்லும். முதலில் அது நூல் நூற்றவளைக் குறித்தது.