ஐ.பி.எஸ். வயிற்றுக்கு எருமைத் தயிர் மருந்தாகுமா?

ஐ.பி.எஸ். (IBS, அடிக்கடி வயிற்று வலியும் பொருமலும் தரும் குடல் கோளாறு) உள்ள தங்கச்சிக்குத் தினமும் மட்டக்களப்புத் தயிர் கொடுத்தால் சுகமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல சாப்பாடுதான், ஆனால் மருந்து என்று சொல்லமாட்டேன். சட்டியைச் சரித்தாலும் அசையாத நம் எருமைத் தயிரில் நல்ல பக்டீரியாக்கள் உயிரோடு இருக்கும். எந்த வகை, எவ்வளவு என்பதுதான் சட்டிக்குச் சட்டி மாறும். ஆய்வுகளில் கொடுப்பதோ அளந்தெடுத்த, குறிப்பிட்ட வகைகளை. அதிலும் சிலருக்கு வயிற்றுப் பொருமலும் வலியும் குறைகின்றன, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. 2021இல் வந்த பிரித்தானிய வழிகாட்டி, இப்படி அளந்தெடுத்த நல்ல பக்டீரியாக்களை 12 வாரம் வரை எடுத்துப் பார்க்கலாம், குறையாவிட்டால் நிறுத்திவிடலாம் என்கிறது. அதே ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி அவற்றைப் பரிந்துரைக்கவே இல்லை. தயிர் சாப்பிட்டதும் வயிறு ஊதினால், பாலிலுள்ள சர்க்கரையான லக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பாருங்கள். மலத்தில் இரத்தம் போனாலோ, உடம்பு மெலிந்தாலோ நாளைக் கடத்தாமல் டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.