‘ஐ ஹேவ் வென்ட்’ ஏன் தப்பு? ஆங்கில வினை வடிவங்கள்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆங்கில வினைகளின் வால்களைப் பற்றியவை. ஐஎன்ஜி சேர்ந்து வருவது பிரசன்ட் பார்ட்டிசிப்பிள். ‘ஈட், ஏட், ஈட்டன்’ என்ற வரிசையில் மூன்றாவதாக நிற்பது பாஸ்ட் பார்ட்டிசிப்பிள். பெயர்கள் நீளம் என்பதால் ‘ஐஎன்ஜி வடிவம்’, ‘மூன்றாம் வடிவம்’ என்றே எழுதுகிறேன்.

மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான். ‘ஐ ஹேவ் வென்ட் டு தி லைப்ரரி’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ‘வென்ட்’ இறந்தகாலம்தானேம்மா, அதில் என்ன தப்பு என்று கேட்கிறான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. (உட்லண்ட்ஸ் வாசகி)

தமிழை வைத்தே சொல்லிக் கொடுங்கள். ‘போயிருக்கிறேன்’ என்பதைப் பிரித்தால் போய் + இருக்கிறேன். ‘போய்’ என்பது எச்சம். அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் யார் போனார்கள் என்றே தெரியாது. பின்னால் இன்னொரு வினை வந்து முடித்துவைக்க வேண்டும். ‘போனேன்’ அப்படியில்லை, அதோடு வாக்கியம் முடிந்துவிடும். ‘போனேன் இருக்கிறேன்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. ஆனால் ‘ஐ ஹேவ் வென்ட்’ அதேதான்.

‘வென்ட்’ முற்று, ‘கான்’ எச்சம். ஹேவ், ஹேஸ், ஹேட் மூன்றுக்கும் பின்னால் எச்சம்தான் வரும்: ‘ஐ ஹேவ் கான்’, ‘ஷி ஹேஸ் ஈட்டன்’, ‘தே ஹேட் சீன்’. ‘குக்’, ‘வாக்’, ‘கிளீன்’ போன்ற வினைகளில் இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே என்பதால் பையனுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே வாய்ப்பில்லை. ‘ஐ ஹேவ் குக்ட்’ சரி என்றால் ‘ஐ ஹேவ் வென்ட்’ ஏன் சரியில்லை என்று அவன் கேட்பது நியாயமான கேள்விதான். அவனைத் திட்டாதீர்கள்.

கோப்பிக்கடையில் ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்றால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. தேர்வுத்தாளில் அது செல்லாது என்பதை மட்டும் அவனுக்குப் புரியவையுங்கள்.

மூன்றாம் வடிவ அட்டவணையை ஏ முதல் இசட் வரை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். வேறு வழி இல்லையா? (உயர்நிலை 1 மாணவி, செங்காங்)

இருக்கிறது. அகரவரிசை அகராதிக்குத்தான் நல்லது, மனப்பாடத்துக்கு அல்ல. ஓசை ஒத்துப்போகும் வினைகளை ஒன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

இ-ஆ-அ கூட்டம்: சிங்-சாங்-சங், டிரிங்க்-டிராங்க்-டிரங்க், ஸ்விம்-ஸ்வாம்-ஸ்வம், பிகின்-பிகான்-பிகன். ஒரு முறை வாய்விட்டுச் சொன்னாலே பாட்டுப் போல வந்துவிடும். ஆனால் ‘பிரிங்’ என்ற வினையை இந்தக் கூட்டத்தில் சேர்த்து ‘பிராங், பிரங்’ என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. அது வேறு வீட்டுப் பிள்ளை: பிரிங்-பிராட்-பிராட். பை, திங்க், ஃபைட், டீச், கேட்ச் எல்லாம் அதன் உறவுக்காரர்கள். பாட், தாட், ஃபாட், டாட், காட் என்று இரண்டாம், மூன்றாம் வடிவங்கள் ஒன்றாகவே இருக்கும்.

அடுத்தது ‘ன்’ ஒலியில் முடியும் கூட்டம்: ஸ்போக்கன், புரோக்கன், ஃப்ரோஸன், டேக்கன், கிவன், ரிட்டன், டிரிவன். மாறவே மாறாத சோம்பேறிக் கூட்டம் ஒன்று உண்டு: புட், கட், ஹிட், ஷட், காஸ்ட், ஹர்ட். கடைசியாக, நடுவில் மட்டும் மாறிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும் ‘கம்-கேம்-கம்’, ‘ரன்-ரான்-ரன்’. ‘ஹி ஹேஸ் கேம்’ என்ற பிழை இந்தக் கடைசிக் கூட்டத்தை மறப்பதால் வருவது. இதற்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும்.

கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறேன். சாரத்தைச் சோதித்து முடித்ததும் சூப்பர்வைசருக்கு ‘ஸ்காஃபோல்ட் இன்ஸ்பெக்டிங்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘இன்னும் முடியலையா?’ என்று போன் செய்து கேட்டார். (ஜூரோங் விடுதி வாசகர்)

அவர் கேட்டது சரிதான். ஐஎன்ஜி போட்டால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். முடிந்துவிட்டது என்று சொல்ல மூன்றாம் வடிவம் வேண்டும்: ‘ஸ்காஃபோல்ட் இன்ஸ்பெக்டட்’. முழு வாக்கியமாக வேண்டுமானால் ‘தி ஸ்காஃபோல்ட் ஹேஸ் பீன் இன்ஸ்பெக்டட்’. கான்கிரீட் கொட்டும்போது ‘போரிங்’, கொட்டி முடித்தபின் ‘போர்ட்’. உங்கள் வேலையில் இது மதிப்பெண் சம்பந்தப்பட்டது அல்ல; சோதித்து முடிக்காத சாரத்தில் ஆள் ஏறலாமா கூடாதா என்பது அந்த ஒரு வாலில் இருக்கிறது. வேலை தொடங்கும்முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இதை நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

‘வந்த பையன்’, ‘உடைந்த கண்ணாடி’ என்பதைப் போல ‘சாப்பிட்ட பையன்’ என்பதற்கு ‘தி ஈட்டன் பாய்’ என்று எழுதினேன். வகுப்பே சிரித்தது. (பெயர் வேண்டாம், தொடக்கநிலை 6)

சிரித்தவர்களை மன்னித்துவிடுங்கள். நீங்கள் எழுதியதற்கு ‘தின்னப்பட்ட பையன்’ என்று அர்த்தம். புலி வந்துபோன கதை ஆகிவிட்டது.

தமிழ்ப் பெயரெச்சம் இரண்டு பக்கமும் போகும். ‘சாப்பிட்ட பையன்’ என்றால் பையன் சாப்பிட்டான். ‘சாப்பிட்ட தோசை’ என்றால் தோசை சாப்பிடப்பட்டது. ‘சாப்பிட்ட’ மாறவேயில்லை, யார் தின்றது, எது தின்னப்பட்டது என்பதை நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது. செயப்படுபொருள் ஏற்கும் வினையில் மூன்றாம் வடிவத்தைப் பெயருக்கு முன்னால் வைத்தால், அந்தப் பெயர் செயலை வாங்கிக்கொண்டது என்றே பொருள்: புரோக்கன் கிளாஸ், ஃப்ரைட் ரைஸ், ஸ்டோலன் ஃபோன். பையன் சாப்பிட்டதைச் சொல்ல ‘தி பாய் ஹூ ஏட்’ என்று நீட்டித்தான் ஆக வேண்டும். ‘ஃபாலன் லீவ்ஸ்’ எப்படிச் சரி என்று கேட்பீர்கள். ‘விழு’ என்பது செயப்படுபொருள் இல்லாத வினை. அங்கே விழுந்து முடிந்தது என்பதுதான் பொருள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தமிழ்ப் பெயரெச்சம் காலம் காட்டும்; ஆங்கில வடிவங்கள் இரண்டும் காட்டா. பிரசன்ட், பாஸ்ட் என்ற பெயர்களை வைத்தவர்கள் நம்மை நன்றாகவே குழப்பிவிட்டார்கள். ‘ஐ வாஸ் ஈட்டிங்’ நேற்று நடந்தது, ஆனாலும் அதில் பிரசன்ட் பார்ட்டிசிப்பிள். ‘இட் வில் பி ஈட்டன்’ நாளைக்கு நடக்கப்போவது, அதில் இருப்பதோ பாஸ்ட் பார்ட்டிசிப்பிள். நடந்துகொண்டிருப்பதா, முடிந்ததா என்று மட்டும் பாருங்கள். காலத்தை முன்னால் நிற்கும் வாஸ், வில், இஸ் பார்த்துக்கொள்ளும். ‘பாய்லிங் வாட்டர்’ கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர். ‘பாய்ல்ட் வாட்டர்’ கொதிக்கவைத்து ஆறிப்போனதாகக்கூட இருக்கலாம்.

‘ஐ ஆம் போரிங்’, ‘ஐ ஆம் போர்ட்’. எது சரி? (பொங்கோல்)

இரண்டுமே சரியான ஆங்கிலம். முதலாவது, உங்களோடு பேசினால் மற்றவர்களுக்குச் சலிப்புத் தட்டும் என்பது. இரண்டாவது, உங்களுக்கே சலிப்பு. வேலை நேர்காணலுக்குப் போகும்முன் ‘இன்ட்ரஸ்டிங், இன்ட்ரஸ்டட்’ இணையையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஐஎன்ஜி சேர்க்கும்போது எழுத்து எப்போது இரட்டிக்கும்? கடைசி ‘இ’ எப்போது போகும்? (பிடோக்)

கடைசி அசை அழுத்தம் பெற்று, அது ஒற்றை உயிரெழுத்தும் அடுத்து ஒற்றை மெய்யெழுத்துமாக முடிந்தால் அந்த மெய் இரட்டிக்கும். ‘ப்ரிஃபர்’ பின்னால் அழுத்தம், அதனால் ‘ப்ரிஃபரிங்’ சொல்லில் இரண்டு ஆர். ‘ஆஃபர்’ முன்னால் அழுத்தம், ‘ஆஃபரிங்’ சொல்லில் ஒரே ஆர். ‘பிகினிங்’ இரண்டு என், ‘ஓப்பனிங்’ ஒரே என். டபிள்யூ, எக்ஸ், ஒய் இரட்டிப்பதில்லை. ‘டிராவலிங்’ போல எல் எழுத்தில் முடியும் வினைகள் விதியை மீறும்: நம் பள்ளிகள் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் இரண்டு எல், அமெரிக்க முறையில் ஒன்று.

ஒலிக்காத ‘இ’ பொதுவாகப் போய்விடும்: மேக்கிங், ரைட்டிங். ‘சீயிங்’, ‘அக்ரீயிங்’ போன்றவற்றில் இரட்டை ‘இ’ அப்படியே நிற்கும். துணிக்குச் சாயம் போடும் ‘டையிங்’ சொல்லிலும் ‘இ’ போகாது. போனால் சாகும் ‘டையிங்’ ஆகிவிடும். இன்னொரு விதிவிலக்கு உங்கள் புளோக்குக்குக் கீழேயே இருக்கலாம்: ‘ஆக்டிவ் ஏஜிங் சென்டர்’ பலகையில் ஜி-க்குப் பின்னால் ‘இ’ இருக்கும், பாருங்கள். அது பிரிட்டிஷ் வழக்கம், பிழை அல்ல.

மகளின் வாக்கிய இணைப்புப் பயிற்சியில் ‘வாக்கிங் டு தி எம்ஆர்டி ஸ்டேஷன், தி ரெயின் ஸ்டார்ட்டட்’ என்ற விடையை ஆசிரியர் தவறு என்கிறார். படித்தால் புரிகிறதே? (தோ பாயோ)

புரிகிறது, ஆனால் அந்த வாக்கியத்தில் மழைதான் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிறது. முன்னால் வரும் ஐஎன்ஜி பகுதிக்கும் பின்னால் வரும் எழுவாய்க்கும் ஒரே ஆள் இருக்க வேண்டும். ‘வாக்கிங் டு தி ஸ்டேஷன், ஷி காட் வெட்’ என்றால் சரி. ‘ஹேவிங் ஃபினிஷ்ட் ஹர் ஹோம்வொர்க், ஷி வென்ட் டு பெட்’ என்பதற்கும் இதே சட்டம்தான்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே, அதாவது அந்தச் செயலைச் செய்தவரையே, கொள்ளும் என்று நன்னூல் சொல்கிறது. ‘கமலா வந்து உட்கார்ந்தாள்’ என்றால் வந்தவளும் உட்கார்ந்தவளும் ஒருத்தியே. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போன்றவற்றுக்குத் தமிழ் இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆங்கில ஆசிரியர் கொடுக்க மாட்டார்.

‘இ-டி’ முடிவை என் கணவர் எல்லா இடத்திலும் ‘எட்’ என்கிறார்: வாக்கெட், காலெட். சரியா? (காலாங்)

இல்லை. ‘T’ அல்லது ‘D’ ஒலியில் முடியும் வினைகளுக்கு மட்டும்தான் தனி அசை வரும்: வான்ட்டட், நீடட். மற்றவற்றில் அது முந்தைய ஒலியோடு ஒட்டிக்கொள்ளும். வாக், வாஷ், ஹெல்ப் போன்றவற்றில் வல்லொலியாக: வாக்ட், வாஷ்ட். கால், கிளீன், பிளே போன்றவற்றில் மெல்ல: கால்ட், கிளீன்ட். கை விரலைத் தொண்டையில் வைத்துப் பாருங்கள். ‘கால்ட்’ சொல்லும்போது கடைசிவரை அதிரும், ‘வாக்ட்’ முடிவில் அதிராது. ‘விக்கெட்’ (கொடிய), ‘நேக்கெட்’ போன்ற சில பெயரடைகளில் மட்டும் கணவர் சொல்வது சரி. ‘ஏஜ்’ இரண்டு விதமாகவும் வரும்: 70 வயதுக்காரரை ‘ஏஜ்ட் செவன்ட்டி’ என்போம், முதியவர்களை மொத்தமாகச் சொல்லும்போது ‘தி ஏஜெட்’.