மூக்குச்சளி மஞ்சளானால் அன்டிபயோட்டிக் கொடுக்கவேணுமா?

கொக்குவிலிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். நாலு வயது மகனுக்குத் தடிமல் தொடங்கி ஆறு நாள். முதல் இரண்டு நாளும் லேசான காய்ச்சல், பிறகு இல்லை. ஓடித்தான் திரிகிறான். ஆனால் தண்ணியாய் ஓடிய மூக்கு இப்போது மஞ்சளாய்த் தடித்து வருகிறது. பாமசியில் டொக்டரின் துண்டு எதுவும் கேட்காமல் ஒரு அன்டிபயோட்டிக் பாணியும் ஒரு சரைக்குள் குளிசைகளும் தந்தார்களாம். கொடுக்கவா? தோய வார்த்ததும் வாழைப்பழமும்தான் காரணம் என்று மாமி சொல்வது சரியா?

கொடுக்க வேண்டாம், அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம். தடிமல் வைரஸால் வருவது, அன்டிபயோட்டிக் பக்டீரியாவுக்கானது. மஞ்சள் நிறம் மருந்துக்கான அறிகுறி இல்லை. கிருமியோடு மல்லுக்கட்டிய வெள்ளை அணுக்கள் சளியில் சேரும்போது அது அப்படித்தான் நிறம் மாறும். ஏழு முதல் பத்து நாளில் மூக்கு ஓய்ந்துவிடும், இருமல் இன்னும் ஒரு கிழமை, இரண்டு கிழமை இழுக்கலாம்.

அந்தச் சரைதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. பெயர் இல்லை, அளவு இல்லை, வெள்ளையில் இரண்டு, மஞ்சளில் ஒன்று. இப்படிப்பட்ட சரைகளைப் பிரித்துப் பார்த்தபோது ஸ்டீரொய்ட் குளிசை இருந்ததை நானே கண்டிருக்கிறேன். பிள்ளை மறுநாளே தெளிந்த மாதிரி இருக்கும், தாயும் அடுத்த முறை அதே கடைக்குத்தான் போவார். துண்டில்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் கேட்பார் யார்? அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் விடியவே வரிசையில் நின்று, டொக்டரோடு இரண்டு நிமிடம் கதைக்கக் கிடைத்தால் பெரிய காரியம். அந்த இரண்டு நிமிடத்தில் மருந்து தேவையில்லை என்று விளக்குவதைவிட எழுதிக் கொடுப்பது சுலபம், எங்கள் ஆட்களும் அதைச் செய்கிறார்கள், எனக்கு அதில் கோபம் உண்டு. பெயர் எழுதாத எந்த மருந்தையும் பிள்ளையின் வாய்க்குள் வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், காய்ச்சல். உங்கள் மகனுக்கு அது போய்விட்டது, நல்லது. திரும்பி வந்தால், அதுவும் மாரி காலத்தில், தடிமல் காய்ச்சல்தானே என்று இருக்க வேண்டாம். இங்கே கார்த்திகை, மார்கழி என்றால் டெங்கு. டெங்குவில் மூக்கு ஓடுவது குறைவு, உடம்பு உளைவும் தலையிடியும்தான் கூட, ஆனால் சின்னப்பிள்ளை அதைச் சொல்லத் தெரியாமல் சிணுங்கிக்கொண்டு கிடக்கும். பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்படாமல், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஐபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எதுவும் கூடாது, பின்பக்கம் வைக்கும் குளிசையும் அந்த வகையாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். டெங்குவில் அவை இரத்தப்போக்கைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தம் சோதிக்கவேணும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை உசாராகாமல் சோர்ந்தால், வயிறு நொந்தால், சத்தி எடுத்தபடி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஏனென்றால் டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்கும் நேரம்தான்.

தோய வார்த்ததால் தடிமல் வராது, வாழைப்பழத்தாலும் வராது. இளஞ்சூட்டுத் தண்ணியில் வார்த்துத் தலையைத் துடைத்துவிடுங்கள், கதலியோ இதரையோ விரும்பினால் சாப்பிடட்டும். வேது பிடிப்பது மட்டும் இந்த வயதில் வேண்டாம், கொதிதண்ணிச் சட்டி கவிழ்ந்து அவிந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூக்கு அடைத்தால் உப்புத்தண்ணித் துளி விடுங்கள். இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் நல்லது, ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. மாமி அவித்துத் தரும் கொத்தமல்லித் தண்ணியைத் தடுக்காதீர்கள், இளஞ்சூடாய்க் குடித்தால் தொண்டைக்கு இதம்.