மகளின் பெயரிலும் வேண்டாம், மகனின் பெயரிலும் வேண்டாம்

கேள்வி: ஹட்டனுக்கு அருகில் தோட்ட வெளிக்கள உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். வயது 54. டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளுக்குப் பதினாறு வயது. சொந்த உறுதியுடன் பத்துப் பேர்ச் காணியும் வீடும், சிறிது நிலையான வைப்பும் உள்ளன. ‘எல்லாவற்றையும் மூத்த மகன் பெயருக்கு எழுதிவிடு, அவன் தங்கையைப் பார்த்துக்கொள்வான்’ என்கிறார்கள் உறவினர்கள். அது சரியா?

பதில்: உங்கள் மகனின் நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் சொத்து அவர் பெயருக்கு மாறிய நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் அது அவருடையதே. அவர் கடன்பட்டால் கடன் கொடுத்தவர் அதன்மீது வழக்கிடலாம். இறுதி விருப்பாவணம் (உயில்) எழுதாமல் அவர் இறந்தால் பாதி அவருடைய மனைவிக்கும் மீதி அவருடைய பிள்ளைகளுக்கும் சேரும். தங்கைக்கென்று நீங்கள் வாய்மொழியாகச் சொன்னது எந்த இடத்திலும் பதிவாகியிராது.

நேராக மகளின் பெயரில் எழுதுவதும் தீர்வாகாது. பதினெட்டு வயது நிறைந்ததும் அவர் வயதுவந்தவர். பெற்றோர் என்ற முறையில் நீங்கள் அவருக்காகக் கையொப்பமிட முடியாது. சொத்தைத் தாமே நிர்வகிக்க இயலாதவர் என்று மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவி ஒரு நிர்வாகியை நியமிக்கச் செய்வதே அப்போது எஞ்சும் வழி; அவ்வழி நீளமானது, பிள்ளைக்கும் மனவேதனை தருவது.

ஆகவே 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு நம்பிக்கைப் பொறுப்பை (டிரஸ்ட்), அதாவது மகளின் நலனுக்காகச் சொத்தைப் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை, ஏற்படுத்துங்கள். சொத்து பொறுப்பாளரின் பெயரில் இருந்தாலும், அதைத் தமக்கெனப் பயன்படுத்த அவருக்கு உரிமையில்லை. கணக்கு வைத்திருக்கவும், நம்பிக்கைப் பொறுப்பு உறுதியில் நீங்கள் எழுதிய நோக்கங்களுக்கு மட்டுமே செலவிடவும் அவர் கடமைப்பட்டவர். காணியையோ வீட்டையோ இப்படி உறுதி எழுதிக் கொடுப்பதானால் ஆவணம் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் நிறைவேற்றப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். இந்தப் பதிவைப் பிற்போடாதீர்கள்: விவரம் தெரியாமல் ஒருவர் காணியை விலைக்கு வாங்கிவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

என் ஆலோசனை இரண்டு அடுக்கானது. வீட்டை இறுதி விருப்பாவணம் வழியாக நம்பிக்கைப் பொறுப்புக்குக் கொடுங்கள். நீங்கள் வாழும்வரை அது உங்களுடையதாகவே இருக்கும், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். ஆனால் மரணத்தின் பின் நீதிமன்ற நடைமுறை முடியும்வரை அந்தச் சொத்திலிருந்து பிள்ளைக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். எனவே வைப்புப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு இப்போதே ஒரு சிறிய நம்பிக்கைப் பொறுப்பைத் தொடங்கி, அதை மீளப்பெறும் உரிமையையும் உறுதியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உயிருடன் இருக்கையிலேயே பொறுப்பாளர்கள் பணத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல வாய்ப்பில்லை.

மகனைப் பொறுப்பாளராக்கலாம், தனியாக வேண்டாம். பணத்தில் பங்கெதிர்பார்க்காத ஒருவரையும், நம்பிக்கையான ஓய்வுபெற்ற ஆசிரியரையோ உறவினரையோ, உடன் நியமியுங்கள். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ யார் வருவார் என்பதையும் உறுதியிலேயே எழுதுங்கள்; இல்லையேல் நீதிமன்றத்தை நாட நேரிடும். உறுதியில் குறிப்பிடாவிட்டால் பொறுப்பாளருக்கு ஊதியம் கிடையாது. ஆகவே மகளை நாள்தோறும் கவனிப்பவருக்கு மாதாந்தம் ஒரு தொகை கொடுக்க இடமளியுங்கள். அந்த உழைப்பை இனாமாக எதிர்பார்ப்பது நியாயமன்று. ‘வைத்தியம், பராமரிப்பு, பயிற்சி, அவருடைய விருப்பங்கள்’ என்று நோக்கங்களைச் சற்று விரிவாகவே எழுதுங்கள். குறிப்பிட்ட தொகையை நிர்ணயித்தால் விலைவாசி அதை விழுங்கிவிடும்.

தோட்ட நிர்வாகம் குடியிருக்கத் தந்த வீடோ லயக் காம்பராவோ இருந்தால் அதை இதில் சேர்க்க முடியாது. உறுதி உங்கள் பெயரில் உள்ளதை மட்டுமே கொடுக்கலாம். ஊழியர் சேமலாப நிதியை 55 வயதில் பெறுவீர்கள்; அதுவரை பின்னுரித்தாளராக (உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவராக) மகளின் பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதற்குள் நீங்கள் இறக்க நேர்ந்தால் பணம் நேரே அவர் பெயருக்கு வந்து, மேலே சொன்ன நீதிமன்றச் சிக்கலில் அகப்படும். காணி உறுதி, வைப்புச் சான்றிதழ், மகளின் வைத்திய அறிக்கை ஆகியவற்றுடன் சட்டத்தரணி நொத்தாரிசு ஒருவரைச் சந்திக்கும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் ஏற்கப்போகும் கடமை என்ன என்பதை, கையொப்பமிடுவதற்கு முன்பே, உங்கள் எதிரில் அவர் கேட்டறிய வேண்டும்.