டெஸ்டோஸ்டீரோன் 260 என்று வந்திருக்கிறது, ஊசி போடலாமா?

கேள்வி: வயது 33. இரண்டு வருடமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை மில்லிக்கு 6 மில்லியன். டாக்டர் ஹார்மோன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார், வேலை முடிந்து மாலையில் போய் ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டீரோன் 260. ஜிம் நண்பர், ஊசி போட்டால் ஏறிவிடும் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம், இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விந்தணு உருவாக விரைக்குள்ளேயே சுரக்கும் டெஸ்டோஸ்டீரோன் வேண்டும், அங்கே அதன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். வெளியிலிருந்து ஊசியாகவோ ஜெல்லாகவோ ஏற்றினால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தேவையான அளவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, விரையை வேலை வாங்கும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற தன் இரண்டு ஹார்மோன்களையும் குறைத்துவிடும். ரத்தத்தில் எண் அழகாக ஏறும், விந்தணுவோ பூஜ்யம் வரைகூட இறங்கலாம். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடம் தாண்டியும் இழுக்கும். குழந்தைக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு அது பெரிய இழப்பு.

சரி, அந்த 260. உங்கள் ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் அச்சாகியிருக்கும், பாருங்கள். டெஸ்டோஸ்டீரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும், உங்கள் வயதில் அந்த இறக்கம் நன்றாகவே தெரியும். குறைவு என்று சொல்வதற்குப் பொதுவாக வைத்திருக்கும் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்ற எல்லை காலை ரத்தத்துக்கானது. அதனால் இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் மறுபடி கொடுங்கள். அதுவும் குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் ஒரு தடவை. காய்ச்சல் வந்து எழுந்த கையோடு போகாதீர்கள், உடம்பு சரியில்லாதபோது இது தானாகவே குறையும்.

முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் முறைகளில் அது டெஸ்டோஸ்டீரோனைப் பொய்யாக ஏற்றியும் எஃப்எஸ்எச்-ஐப் பொய்யாக இறக்கியும் காட்டும்.

டெஸ்டோஸ்டீரோனைத் தனியாக வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது, பக்கத்தில் எஃப்எஸ்எச், எல்எச் இரண்டும் என்ன சொல்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவை அதிகமாக இருந்தால் கோளாறு விரையிலேயே இருக்கிறது, பிட்யூட்டரி எவ்வளவு விரட்டியும் அது ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம். டெஸ்டோஸ்டீரோனோடு அவை இரண்டும் குறைவாக இருந்தால் கோளாறு மேலே, கட்டளை வரும் இடத்தில். கேட்கப் பயமாக இருந்தாலும் இந்த இரண்டாவது வகைக்குத்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். ஹெச்சிஜி (எல்எச் செய்யும் வேலையைச் செய்யும் ஹார்மோன்), எஃப்எஸ்எச் ஊசிகளால் விந்தணு உற்பத்தியையே தொடங்க வைக்க முடியும் (நண்பர் சொல்லும் ஊசி வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் கொஞ்சம் கூடியிருந்தால் உடனே அங்கே கட்டியோ என்று பதற வேண்டாம். மன அழுத்தத்திலும், வாந்திக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் கூடும். மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

ஹார்மோன் எல்லாம் நார்மலாக வந்துவிட்டால் பிரச்சினை இல்லை என்றும் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி விந்தணு எண்ணிக்கையின் கீழ் எல்லை மில்லிக்கு 16 மில்லியன், உங்களுடையது அதற்கும் கீழே. ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது, அதனால் இரண்டு மாதம் முன்பு வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். விந்துப் பரிசோதனையையும் இன்னொரு முறை செய்யுங்கள். வெரிகோசில் (விரைப்பையில் ரத்தநாளங்கள் புடைத்திருப்பது) இருக்கிறதா என்று டாக்டர் கையால் தொட்டுப் பார்க்கட்டும், கூச்சப்படாதீர்கள். உங்கள் மனைவியின் பரிசோதனைகளும் இதே சமயத்தில் நடக்கட்டும், ஒருவருடையது முடியட்டும் என்று இன்னொருவர் காத்திருக்க வேண்டாம்.

ஜிம்மில் யாராவது கொடுத்த பவுடரோ மாத்திரையோ ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த டப்பாவையே டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.