புது .22 ரைஃபிளில் 50 மீட்டரில் சுட்டால் ஓட்டைகளின் சிதறல் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையவே இல்லை. காணொளிகளில் அரை அங்குலம் காட்டுகிறார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட்டுக் கடைக்கு ஓடாதீர்கள் தம்பி. முயல் சுட வாங்கியது, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ரைஃபிள், கடையில் இருந்தபடியே எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ பண்ணை வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளை என்று வைத்துக்கொள்கிறேன். மலேசியாவில் இருந்துகொண்டு லைசென்ஸ் இல்லாமல் கேட்கிறீர்கள் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது ஆறு பிரம்படி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண வேட்டை ரைஃபிளில் மலிவுத் தோட்டாவைப் போட்டு 50 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டால், ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் விழும். அதற்குமேல் எதிர்பார்ப்பது ரைஃபிளுக்கு அநியாயம். ஒத்துப்போகிற தோட்டா அமைந்தால் முக்கால் அங்குலம் வரை இறங்கும். அரை அங்குலமும் என்றைக்காவது விழும். விழுந்த அன்றைக்குத்தான் அட்டையைப் படம் பிடித்துப் போடுகிறார்கள், மற்ற அட்டையெல்லாம் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதிலும் பாதிப் பேர் மூன்று குண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். பத்துக் குண்டு சுடச் சொல்லுங்கள், சாயம் வெளுத்துவிடும்.

இன்னொன்று, எப்படி அளந்தீர்கள்? ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்திருந்தால் குண்டின் அகலம் 5.6 மில்லிமீட்டரைக் கழித்துவிட வேண்டும். மையத்துக்கு மையம்தான் கணக்கு. உங்கள் ஒன்றரை அங்குலம் அங்கேயே ஒன்றேகாலை ஒட்டி வந்துவிடலாம்.

நான் பயிற்சியாளர் இல்லை, பதக்கமும் வாங்கியதில்லை. பஹாவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறேன். ஓய்வு நாளில் புக்கிட் பூத்துஸ் மலைப்பாதை ஏறி இறங்கி, சிரம்பான் பக்கம் ஒரு கிளப்புக்குப் போய்ச் சுடுகிறவன். அந்தக் கிளப்பில் மரக்கட்டை போட்ட ஒரு பழைய .22 இருந்தது. பேரல், அதாவது குழல், போய்விட்டது என்று மூத்த உறுப்பினர்கள் தீர்ப்புச் சொல்லி மூலையில் வைத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவன் தலையில்தான் அதைக் கட்டுவார்கள். என் தலையிலும் கட்டினார்கள்.

முதலில் இரும்பை மரக்கட்டையோடு பிடித்திருக்கும், அடியில் இருக்கும் இரண்டு ஸ்குருவைப் பார்த்தேன். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் மரம் உப்பும், சுருங்கும். முன் ஸ்குரு விரலாலேயே திரும்பியது. கையேட்டில் போட்டிருந்த இறுக்கத்துக்கு முறுக்கினேன். அடுத்து ஸ்கோப். பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பைத் தூக்கி இதில் மாட்டியிருந்தார்கள். அந்த வகையெல்லாம் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்து வருகிறவை. 50 மீட்டரில் கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் குறுக்குக்கோடு இலக்கின் மேல் ஊர்ந்து போகும். ரிம்ஃபயருக்கென்று, அதாவது .22 மாதிரிச் சின்னத் தோட்டாவுக்கென்று, 50 கஜத்துக்கு வைத்து விற்பதை வாங்கி மாட்டினோம்.

பாதி குணம் அதிலேயே தெரிந்தது, மீதி தோட்டாவில். துப்பாக்கியைத் தாங்க ஒரே மணல் மூட்டை, ஒரே காலை நேரம், பல பெட்டி. வேகமான தோட்டா கோழிக்கு வீசிய அரிசி மாதிரிச் சிதறியது. அது ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, 50 மீட்டர் தாண்டுவதற்குள்ளேயே ஒலி வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இடத்தில் குண்டு தடுமாறும். ஸ்டாண்டர்ட் வேகத் தோட்டா நொடிக்குச் சுமார் 325 மீட்டர், கிளம்பும்போதே ஒலிக்குக் கீழே. அதனால் அந்தத் தொல்லை இல்லை. தோட்டா மாற்றும்போதெல்லாம் முதலில் சுடும் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குண்டில் பூசியிருக்கும் புது மெழுகு பேரலுக்குள் படிய வேண்டும். ஒரு பெட்டியை முடிப்பதற்குள் விரல் நுனியெல்லாம் மெழுகும் கரியுமாகப் பிசுபிசுத்துவிட்டது. கடைசியில் ஒரு ஸ்டாண்டர்ட் பெட்டிக்கு விழுந்த ஐந்து ஓட்டையை ஐம்பது சென் காசு வைத்து மறைத்தேன். தீர்ப்புச் சொன்னவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது அந்த ரைஃபிளை எடுக்க வரிசை நிற்கிறது.

போட்டிச் சுடுநர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், எனக்கும் தெரியும். கார் வாங்கும் காசுக்கு ரைஃபிள் வாங்கி, தங்கள் துப்பாக்கிக்கே சோதித்துத் தேர்ந்தெடுத்த தோட்டாவைச் சுடுகிறவர்களின் கணக்கு அது. தம்பி முயல் சுடப் போகிறார்.

சுடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் பேரனின் பேட்மின்டன் ஷூவைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். நான் கிளப்புக்குப் போகிறேன் என்றால் மட்டும், “நம்ம ஆளுங்களுக்கு எதுக்குடா துப்பாக்கி, ஊரு என்ன பேசும்?” என்பார். பேப்பரில் எவனாவது குண்டர் கும்பல் செய்தி வந்தால் போதும், அன்றைக்கு என் அம்மாவுக்குப் போன் வரும். ரேஞ்சில் துப்பாக்கிக்கு எவ்வளவு கட்டுப்பாடு என்று வந்து பார்க்கச் சொன்னால் ஒருவரும் வர மாட்டார்கள். கல்யாண வீட்டில் மட்டும் வாய் நீளும். சரி, விடுங்கள்.

உங்களுக்கு: ஸ்குருவைப் பாருங்கள், ஸ்கோப்பைப் பாருங்கள். சிசிஐ ஸ்டாண்டர்ட், எஸ்கே, ஈலி என்று கிடைக்கும் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக் காற்று அடங்கிய காலையில் சுட்டுப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் பக்கக் காற்றே 50 மீட்டரில் குண்டை இரண்டு சென்டிமீட்டருக்கு மேலேயே தள்ளிவிடும். முயல் தலையில் குறி வைக்க வேண்டிய இடம் ஏறக்குறைய ஓர் அங்குலம்தான். அதனால் குரூப், அதாவது ஓட்டைகளின் சிதறல், சுருங்கும் வரை முப்பது மீட்டருக்கு மேல் சுடாதீர்கள், அடிபட்ட முயல் வளைக்குள் போய்க் கிடந்து சாகும். இத்தனையும் செய்த பிறகும் இரண்டு அங்குலத்துக்கு விரிந்தால் அப்போது கடைக்குக் கொண்டு போங்கள், ரசீதோடும் அட்டைகளோடும்.